ஒட்டுப்பலகையில் ஒரு நினைவகம்

அறிஞருக்கு நினைவுச் சின்னமா? கல் வேண்டும், பீடம் வேண்டும், சுற்றிலும் வேலி வேண்டும். பிறந்தநாளன்று மாலை, மறுநாள் முதல் காக்கை! உலகெங்கும் இதுதானே வழக்கம்? இவ்வழக்கத்தை உடைத்தெறிந்த ஒரு படைப்பைப் பற்றி இங்கே ஆராய முற்படுகிறோம். சுவிட்சர்லாந்தில் பிறந்த கலைஞர் தாமஸ் ஹிர்ஷ்ஹார்ன், 2013-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில் எழுப்பிய 'கிராம்சி நினைவகம்' அது.

யார் இந்தக் கிராம்சி? 1891-இல் இத்தாலியின் சார்டினியத் தீவில் பிறந்தவர். தொழிலாளர்க்காக ஏடு நடத்தியவர். இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவியோருள் ஒருவர். முசோலினியின் ஆட்சி 1926-இல் அவரைச் சிறைப்படுத்தியது. 20 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தண்டனை விதித்தது. உடல் நலிந்தது, உள்ளம் நலியவில்லை. சிறைக்குள்ளே குறிப்பேடு குறிப்பேடாக எழுதிக் குவித்து, 1937-இல் மறைந்தார். அறிவு என்பது படித்தோர் சிலரின் பரம்பரைச் சொத்தன்று, சிந்திக்கும் ஆற்றல் ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு என்பது அவர் விட்டுச் சென்ற செல்வம்.

அத்தகையவருக்குச் செல்வர் வாழும் தெருவிலா நினைவகம்? ஹிர்ஷ்ஹார்ன் 40-க்கும் மேற்பட்ட அரசுக் குடியிருப்புகளுக்குச் சென்று பார்த்து, ஃபாரஸ்ட் ஹவுசஸ் என்னும் குடியிருப்பைத் தேர்ந்தார். கருப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் பெரும்பான்மையாக வாழும் ஏழையர் குடியிருப்பு அது. பளிங்கு கொணரவில்லை. ஒட்டுப்பலகை, தார்ப்பாய், ஒட்டுநாடா, இவையே கருவிகள். கட்டியவர்கள் அங்கு வாழ்வோரே. இலவச உழைப்பன்று, மணிக்கு 12 டாலர் கூலி!

உள்ளே நூலகம், வானொலி நிலையம், நாள்தோறும் அச்சாகும் செய்தித்தாள், கணினி அறை, குழந்தைகளுக்குக் கலை வகுப்பு, உணவுக்கூடம். நாள்தோறும் தத்துவச் சொற்பொழிவு வேறு! சிறையில் கிராம்சி பயன்படுத்திய பொருள்கள் சிலவும் பார்வைக்கு வைக்கப்பட்டன. சூலை முதல் நாள் திறந்து, செப்டம்பர் 15-இல் மூடினர்: ஆக 77 நாள். பின்னர்ப் பிரித்தெடுத்த பொருள்கள் குலுக்கல் முறையில் குடியிருப்பினருக்கே அளிக்கப்பட்டன.

"பலகையும் நாடாவும் கலையாகுமா?" என்று முகம் சுளிப்போருக்கு நாம் சொல்வோம்: ஆகும்! பார்ப்பவன் ஒருவன், படைப்பவன் ஒருவன் என்ற பிரிவினையை அது தகர்த்தது. வாயில்காப்போனின் அனுமதி பெற்றுக் காணும் கலை அன்று. வாயிற்படியிலே வந்தமர்ந்த கலை. அயலவர் அக்குடியிருப்பைத் தேடி வந்தனர். ஏழையர் குடியிருப்பு என்றாலே ஒதுங்கிச் செல்லும் மாநகர மாந்தர், அங்கு விருந்தினராக அமர்ந்தனர், குடியிருப்பினர் விருந்தோம்பினர். சிறிய மாற்றமா இது?

எனினும் பாராட்டோடு நின்றுவிட்டால் அது திறனாய்வாகாது. இந்நினைவகத்துக்குப் பொருள் வழங்கியது டியா கலை அறக்கட்டளை. அதே அறக்கட்டளை, அதே நியூயார்க்கில், மான்ஹாட்டன் பகுதியில் 'மண் அறை' என்னும் படைப்பைப் பேணி வந்துள்ளது. வால்டர் டி மரியா 1977-இல் அமைத்தது. அறை முழுவதும் வெறும் மண்! 1980 முதல் நிலையான காட்சி. எண்ணிப் பாருங்கள்: மான்ஹாட்டனில் மண்ணுக்கு நிலையான இடம், பிராங்க்ஸில் மாந்தரின் நூலகத்துக்கு 77 நாள்!

கலைஞரின் விடை நாம் அறியாததன்று. நினைவகம் நிலைக்க வேண்டியதில்லை, நினைவே நிலைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் சமூக சேவகர் அல்லர், கலைஞரே என்பதும் அவர் கூற்று. ஆம்estamos

கூலி கொடுத்தார், கருணை காட்டவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறோம். ஆனால் நூலைத் தொட்டறியாத சிறுவன் ஒருவன், 76-ஆம் நாள் முதன்முதலாக ஒரு நூலை விரித்தான் என்று கொள்வோம். 78-ஆம் நாள் அவன் எங்கே செல்வான்? பசியைத் தூண்டிவிட்டுப் பந்தியைச் சுருட்டுவது முறையா?

குற்றம் கலைஞருடையது மட்டுமன்று. நூலகம் அமைப்பது கலைஞனின் கடமையா, அரசின் கடமையா? நிலையாக இருக்க வேண்டியதை நாட்டாதார், நிலையற்றதைக் கண்டு கைதட்டி நகர்வது எளிது. தற்காலிகக் கலை அவர்களுக்குச் சாக்காகிவிடக் கூடாது என்பதே நம் எச்சரிக்கை.

ஆகவே நம் தீர்ப்பு இது: கிராம்சி நினைவகம் சிறந்த கேள்வி, விடையன்று. ஏழையர் தெருவில் தத்துவம் விலைபோகாது என்ற பொய்யை 77 நாளில் அது பொய்யென்று காட்டிவிட்டது. கலைஞன் காட்டிவிட்டான், கட்டி நிலைநிறுத்த வேண்டியது மக்களின் அமைப்பு. கிராம்சி வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய பணியும் அதுவே அன்றோ? பலகையைப் பிரிக்கலாம், தோழர்களே. பழகிய கைகளைப் பிரித்துவிடலாகாது!