கோழிக்குஞ்சின் கல்லீரலும் நூறு கிராம் தீவனமும்

"தீவனத்தில் புரதம் கூடினால் கோழிக்குஞ்சின் கல்லீரலில் கொழுப்பு ஆக்கம் குறையும், கொழுப்பு கூடினாலும் குறையும்." தீவனம் பற்றிய குறிப்புகளில் இவ்விரு செய்திகளையும் நீங்கள் படித்திருக்கலாம். இரண்டும் தவறல்ல. ஆனால் இவ்வளவில் நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும்.

முட்டைக்குள் வளரும் குஞ்சு பெரும்பாலும் மஞ்சள் கருவின் கொழுப்பை எரித்தே வாழ்கிறது. அப்போது அதன் கல்லீரல் புதிதாகச் செய்யும் கொழுப்பு மிகக் குறைவு. வெளிவந்து தானியம் தின்னத் தொடங்கியதும், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் நொதிகள் சில நாட்களிலேயே பன்மடங்கு பெருகுகின்றன. எலியில் கொழுப்புத் திசுவும் இவ்வேலையைச் செய்கிறது. கோழியிலோ பெரும்பங்கு கல்லீரலுடையது. வளரும் குஞ்சுகளில் புரதத்தின் விளைவைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் யே, லெவெய் இருவரும் 1969இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. புரதம் உயரக் கொழுப்பு ஆக்கம் தாழ்வதை அது காட்டியது.

இத்தகைய முடிவுகளை ஒரு வரியில் சுருக்குவோர் மறப்பது எதனை? நூறு கிராம் தீவனம் நூறு கிராம்தான் என்பதை! புரதத்தை 20 கிராமிலிருந்து 30 கிராமாக உயர்த்தினால், வேறொன்றில் 10 கிராம் குறைந்தாக வேண்டும். பொதுவாகக் குறைவது மாவுச்சத்து. கொழுப்பாக மாறும் மூலப்பொருளும் அதுவே. அப்படியானால் ஆக்கத்தைக் குறைத்தது வந்த புரதமா, போன மாவுச்சத்தா?

கொழுப்பைச் சேர்க்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரி தரும். மாவுச்சத்து சுமார் 4 தரும். 10 கிராம் மாவுச்சத்துக்குப் பதிலாக 10 கிராம் கொழுப்பு சேர்த்தால், தீவனத்தின் ஆற்றல் 50 கிலோகலோரி உயர்கிறது. ஆற்றல் மிகுந்த தீவனத்தைக் குஞ்சு குறைவாகவே தின்னும். உடனே அது பெறும் புரதமும் குறைந்துவிடும்! ஆற்றலைச் சமமாக வைக்க 22.5 கிராம் மாவுச்சத்தை நீக்கி, மிச்ச எடைக்கு 12.5 கிராம் செல்லுலோஸ் போன்ற சக்கையைச் சேர்க்கலாம். அப்போதும் மாவுச்சத்து மாறிவிடுகிறது.

பாயில் விதியைச் சோதிக்கும்போது வெப்பநிலையை மாறாமல் வைக்கிறோம். தீவனத்தில் மற்ற அனைத்தையும் அவ்வாறு நிறுத்திவைக்க வழியில்லை. ஆகவே ஒரே சோதனை போதாது. ஒரு தொகுதியில் மாவுச்சத்து மாறாமல் புரதம் மாற வேண்டும். மற்றொன்றில் புரதம் மாறாமல் மாவுச்சத்து மாற வேண்டும். தின்ற அளவையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். இவற்றை ஒப்பிட்ட பின்பே காரணத்தைப் பிரித்துக் கூற இயலும்.

மற்றொன்றும் உண்டு. கொழுப்பு ஆக்கம் குறைந்தால் கல்லீரலில் உள்ள கொழுப்பும் குறைந்தது என்று கொள்ளலாகாது. குழாயின் வேகம் வேறு, தொட்டியின் நீர்மட்டம் வேறு. தீவனத்திலிருந்து வருவதும் கல்லீரலிலிருந்து வெளியேறுவதும் கணக்கில் சேர வேண்டும்.

கோழிக்கு உண்மையான முடிவை மனிதனுக்கு அப்படியே பொருத்துவதும் முறையாகாது. ஓர் உணவைக் "கூட்டினால்" இன்னது நிகழும் என்று எங்கே படித்தாலும், எதைக் குறைத்து அதைக் கூட்டினார்கள் என்று கேளுங்கள். பதில் அக்கட்டுரையில் இல்லையேல், அதன் முடிவை ஏற்க அவசரப்பட வேண்டாம்.