வீடு பார்க்கப் போனவர்கள்

போன வருடக் கோடை விடுமுறையில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தை மறுபடி பார்த்தேன். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பெரியப்பா, பெரியம்மாவோடு ரெட்டியார்சத்திரத்தில் மனை பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றொன்றை யோசிக்க முடியவில்லை.

பெரியப்பா அரசு அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மதுரையில் வாடகை வீடு. கையில் இருக்கும் பணத்துக்கு மதுரையில் எதுவும் அமையாது என்று தெரிந்ததும் இருவரும் வடக்கே நகர ஆரம்பித்தார்கள். வாடிப்பட்டி, கொடைரோடு, சின்னாளபட்டி. சென்ட் விலை இறங்க இறங்க பஸ்ஸும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் திண்டுக்கல்லையும் தாண்டி, பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம். வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் நிரந்தரமாகத் தங்க இடம் தேடுகிறோமே என்றேன். பெரியப்பா சிரிக்கவில்லை. கோபிநாத சுவாமி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புரோக்கர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்ட் என்ன விலை, பட்டா யார் பேரில், வில்லங்கம் எத்தனை வருடத்துக்குப் போட்டது, டிடிசிபி அங்கீகாரம் உண்டா என்று கேட்டார். கேட்க வேண்டியவைதான். 2016க்குப் பிறகு அங்கீகாரமில்லாத மனையை விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.

பெரியம்மா மனைக்குள் வரவேயில்லை. எதிர்வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் நின்றுவிட்டார். “போர்த் தண்ணி உப்பா இருக்குமாத்தா? குடிதண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா? கடைசி டவுன் பஸ் எத்தன மணிக்கு? ராத்திரி நெஞ்சு வலின்னா கூப்புட்டா ஆட்டோ வருமா?” டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. ஆனால் இலவச பஸ்ஸும் வந்தால்தானே ஏற முடியும்.

மலிவு என்று நாம் சொல்வது யாருடைய மலிவு? மதுரையில் கொடுக்காமல் மிச்சப்படுத்திய லட்சங்களை இங்கே தினமும் குடம் குடமாகக் கொடுத்துத் தீர்க்கப்போவது பெரியம்மாவின் முழங்கால். ஓய்வூதியம் பெரியப்பாவுக்கு, ஓய்வும் பெரியப்பாவுக்கு. ஆடவருக்குத் தொழிலே உயிர், மனையுறை மகளிருக்கு ஆடவரே உயிர் என்கிற பொருளில் குறுந்தொகையின் 135ஆம் பாடல் பேசுகிறது. வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: தொழில் முடிந்த ஆடவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் மனையுறை மகளிர் எங்கே போவார்கள்? இருபது வருடமாக அந்தப் பாடலை நடத்துகிறேன். எனக்கு அது தோன்றியதில்லை.

‘வீடு’ 1988இல் வந்தது. சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது படத்துக்கு, சிறந்த நடிகை விருது அர்ச்சனாவுக்கு. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நிற்கிறார்கள். ஒன்று, கடைசியில் வந்து விழும் குடிநீர் வாரியத்தின் இடி. மற்றது, சொக்கலிங்க பாகவதர் தனியாக வந்து, முடியாத வீட்டின் சுவர்களைத் தடவிப் பார்க்கும் காட்சி. நானும் ஒவ்வொரு முறையும் அதில் அழுகிறேன். இந்த முறை அழுதுகொண்டே எரிச்சலும் வந்தது. மனை தாத்தாவுடையது, வீட்டைக் கண்ணாரப் பார்க்கும் பரவசமும் தாத்தாவுக்கு. சுதா என் நினைவில் எப்போதும் கணக்கோடுதான் நிற்கிறாள்: கடன், சிமென்ட், கம்பி. சிமென்ட் திருடுபோவதைச் சொல்பவளும் ஒரு பெண்தான், சித்தாள் மங்கம்மா. அவளுக்கு வீடு எங்கே என்று படம் பார்த்த நாம் யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பின் அதே பாகவதரை வைத்து எடுத்த ‘சந்தியா ராக’த்தில் கிழவர் கிராமத்தை விட்டுக் கிளம்புவது மனைவி இறந்த பிறகு. செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது, வீடு மட்டும் போய்விடுகிறது. பாலு மகேந்திராவுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த மனைவியின் படத்தை அவர் எடுக்கவில்லை.

ரெட்டியார்சத்திரத்தில் புரோக்கர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “அம்மா பேர்ல பத்திரம் போட்டா பதிவுக் கட்டணத்துல ஒரு பர்சன்ட் மிச்சம் சார்.” உண்மைதான். பத்து லட்சம் வரையான சொத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து அந்தச் சலுகை உண்டு. ஒன்பது லட்சம் மனைக்கு ஒன்பதாயிரம் ரூபாய். பெரியப்பா உடனே தலையாட்டினார். பெண் பெயரில் சொத்து என்று பேசியும் எழுதியும் வருகிற எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்பது வருடத்தில் பெரியம்மாவின் பெயர் முதன்முதலாகத் தேவைப்பட்டது இந்தத் தள்ளுபடிக்காகத்தான்.

பெரியம்மா அப்போதுதான் மனைக்குள் வந்தார். “எம் பேர்லன்னா எடத்தையும் நாந்தேன் சொல்லுவேன். இங்க வேணாங்க.”

திரும்பும் பஸ்ஸில் திண்டுக்கல் வரை பெரியப்பா பேசவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி சின்னாளபட்டிக்குப் போனார்கள். புரோக்கருக்குப் போன் போட்டது பெரியம்மா. மனை வேண்டாமாம். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், குழாய் உள்ள பழைய வீடு, இரண்டு அறை இருந்தால் போதுமாம்.