அகிஹிட்டோ: அதிகாரமில்லாத அரியணையின் கணக்கு

1947 முதல் நடப்பிலிருக்கும் ஜப்பானிய அரசியலமைப்பு பேரரசரை நாட்டின் சின்னம் என்கிறது. ஆட்சியதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. அது பட்டியலிடும் கடமைகள் பெரும்பாலும் கையொப்பங்களும் சடங்குகளும்தான். மீதி நேரத்தில் ஒரு சின்னம் என்ன செய்வது? 1989 முதல் 2019 வரை அரியணையில் இருந்த அகிஹிட்டோ இந்தக் கேள்விக்குத் தந்த விடையை வைத்தே அவரை மதிப்பிட வேண்டும்.

1991இல் உன்சென் எரிமலைச் சீற்றத்தால் வீடிழந்தவர்களைப் பார்க்கப் போனவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முகாம் தரையில் அவர்கள் முன் மண்டியிட்டுப் பேசினார். பேரரசி மிச்சிகோவும் அப்படியே. மரபுவாதிகள் முகம் சுளித்தார்கள். பேரரசர் இருந்தாலே போதும், வேண்டிக்கொண்டாலே போதும் என்பது அவர்கள் கட்சி. அகிஹிட்டோவுக்கோ, போய்ப் பார்ப்பதுதான் பதவியின் பணி.

இரண்டாம் உலகப் போர் நினைவிலும் அப்படித்தான். 1975இல் பட்டத்து இளவரசராக, அந்தப் போரில் பேரழிவைச் சந்தித்த ஒக்கினாவா சென்றபோது அவரை நோக்கிப் பெட்ரோல் குண்டு வீசினார்கள். 1993இல் பேரரசராக மறுபடியும் போனார். அதற்கு முன் எந்தப் பேரரசரும் அங்கே போனதில்லை. பசிபிக் போர்க்களத் தீவுகளான சைப்பானில் 2005இலும் பெலேலியூவில் 2015இலும் போரில் மாண்டவர்களுக்குத் தலைவணங்கினார். போரில் இறந்தவர்களோடு போர்க்குற்றவாளிகளும் வழிபடப்படும் யாசுகுனி ஆலயத்தில், பேரரசராக இருந்தவரை கால்வைக்கவில்லை.

குறைகளும் உண்டு. போர் குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஆனால் தந்தை ஹிரோஹிட்டோவின் போர்ப் பொறுப்பைப் பற்றி வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. ஜப்பான் முன்பு அடக்கியாண்ட கொரியாவுக்குப் பேரரசராகப் போகவே இல்லை. வெளிநாட்டுப் பயணத்தைத் தீர்மானிப்பது அரசு என்பதால் இரண்டாவதை முழுக்க அவர் தலையில் கட்ட முடியாது. முதலாவது அவருடையதே.

2016 ஆகஸ்டில், முதுமையால் கடமையைச் செய்ய முடியாமல் போகுமோ என்று தொலைக்காட்சியில் பேசினார். பதவி விலகல் என்று சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்தது. அவர் விலக வழிசெய்யும் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. ஆட்சியில் தலையிடக் கூடாதவர் ஒரு சட்டத்துக்கு வழிவகுத்தது எல்லையை உரசிய செயல்தான். ஆனால் செயலால்தான் பதவி நிற்கிறது என்று நம்பியவர், செயல்பட முடியாதபோது விலக நினைத்ததில் முரண் இல்லை. தவிர, அவர் கேட்டது அதிகாரம் அல்ல, விடுதலை.

அந்தச் சட்டமும் அவர் ஒருவருக்கு மட்டுமே. பெண்கள் அரியணை ஏறும் வழியும் திறக்கவில்லை. இவை நாடாளுமன்றத்தின் பாக்கி. தந்தையைப் பற்றிய மௌனத்தைக் கழித்துப் பார்த்தாலும், கணக்கு அகிஹிட்டோவுக்குச் சாதகமாகவே முடிகிறது: சட்டம் விட்டுவைத்த வெற்றிடத்தை அதிகாரத்தைத் தேடாமல் உழைப்பால் நிரப்பினார்.