வருகைப் பதிவேடு எழுதும் கை

கல்விக் கொள்கையை ஆசிரியர்களே முன்நின்று வழிநடத்த வேண்டும் என்று இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள. மேடையில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள், கீழே இருக்கிற ஆசிரியர்களும் கைதட்டுகிறார்கள். எந்த ஆசிரியர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2020 தேசியக் கல்விக் கொள்கையின் வரைவை எழுதிய குழுவுக்கு விண்வெளி விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைவர். துணைவேந்தர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். அன்றாடம் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற பள்ளி ஆசிரியர் ஒருத்தர்கூட இல்லை. அதற்கு மாற்று என்று தமிழக அரசு 2022இல் நீதிபதி முருகேசன் தலைமையில் குழு அமைத்தது. அதில் இசைக் கலைஞர், சதுரங்க வீரர், எழுத்தாளர் என்று பலர். நாகப்பட்டினம் கீச்சாங்குப்பம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் இரா. பாலுவும் இருந்தார். 2004 சுனாமியில் சிதைந்த மீனவக் குப்பத்தின் பள்ளி அது. இதை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன். ஆனாலும் ஓர் ஆள், அவ்வளவுதான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவு. அங்கேயே நின்று மேலும் படியுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் பணிபுரிகிறவர்களுக்கே அந்த வாக்கு. ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாருக்கு ஓட்டு கிடையாது! நம் பிள்ளைகளின் விரலைப் பிடித்து முதல் எழுத்தைப் போடவைக்கிறவருக்குக் கல்வியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று சட்டமே தீர்மானித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1986இல் மேலவையே போய்விட்டது. அது திரும்ப வேண்டும் என்பவர்கள் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஆசிரியர் ஒருவர் சட்டம் வரைக்கும் போன கதை உண்டு. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முப்பத்தாறு ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவர். மருமக்கள்வழிச் சொத்துமுறை வேளாளக் குடும்பங்களை எப்படித் தின்றது என்று எள்ளி நகையாடிப் பாட்டெழுதினார். அந்த எழுத்துக்கும் இயக்கத்துக்கும் பிறகு 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. ஆலய நுழைவை ஆதரித்தும் அவர் எழுதினார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆசிரியரின் குரல் சட்டமாகத் திரண்டது எந்த இடத்தில் என்று பாருங்கள். சொத்துள்ளவன் வீட்டுச் சொத்துத் தகராறில்.

அதே காலத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர். அந்தத் திருவிதாங்கூரில் கல்விக் கொள்கையை மாற்றியவர் அய்யன்காளி. அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று கூலிகளை நிறுத்தினார், பிரஜா சபையில் போய் நின்று கேட்டார். வெங்ஙானூரில் அவர் தொடங்கிய பள்ளிக்குப் பாடம் நடத்த ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனபோது பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். அரசு உத்தரவு தாளில் இருந்தது. வாசலில் நின்றது சாதி.

ஆகவே ‘ஆசிரியர்’ என்று பொதுவாகச் சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது. ஜோதிராவ் புலேக்கு அந்த மயக்கம் இருக்கவில்லை. 1882இல் ஹண்டர் கமிஷனுக்குக் கொடுத்த மனுவில், தான் பள்ளி நடத்தியவன், பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற அனுபவத்தைச் சொல்லிவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடியவரை உழவர் வகுப்புகளிலிருந்து வர வேண்டும், பன்னிரண்டு ரூபாய்க்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறார். வாத்தியாரின் வயிற்றையும் சாதியையும் ஒரே மனுவில் பேசியிருக்கிறார். நம் ஆசிரியர் சங்கங்கள் முதல் பாதியை நன்றாகப் பிடித்துக்கொண்டன. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் சிறை போனார்கள், 2003 வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர்களோடு சேர்த்து வேலையையே பறிகொடுத்தார்கள். அந்தப் போராட்டங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். வகுப்பறைச் சாதி அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் முதல் பக்கத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

கொள்கை வகுப்பறைக்குள் வரும்போது ஆசிரியரின் குரலாகத்தான் வருகிறது. நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் உதவித்தொகைப் படிவத்தோடு வந்த சார், “எஸ்.சி. பிள்ளைய எல்லாம் எந்திச்சு நில்லு” என்றார். நாற்பது பேர் உட்கார்ந்திருக்க ஏழு பேர் நின்றோம். அன்று சாயங்காலம் வடசேரி பஸ்ஸில், தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன் வேறு சீட்டுக்குப் போனான். அரசாங்கம் கொடுத்தது உதவித்தொகை. எனக்குக் கிடைத்தது அடையாள அணிவகுப்பு. மறு ஆண்டு அதே படிவம் ஒரு கணக்கு டீச்சர் கைக்குப் போனது. அவர் பரீட்சைத் தாள் கொடுக்கிற சாக்கில் ஒவ்வொருவராக ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். தாளுக்கு அடியில் படிவம். “இங்க ஒரு கையெழுத்து போடு மக்கா. யாருகிட்டயும் சொல்லாண்டாம், போ” என்றார். அவரும் ஒரு காலத்தில் அப்படி எந்திச்சு நின்றவர் என்று பின்னால்தான் தெரிந்தது.

இப்போது நீதிபதி சந்துரு அறிக்கைக்கு வருகிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சகமாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஒருநபர் குழு அது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைக்கயிறு கூடாது, பள்ளியின் பெயரில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஒரு பகுதியில் ஆதிக்கம் செய்கிற சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக் கூடாது என்கிறது. உதவித்தொகைச் செய்தியை மாணவரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. படித்தபோது எனக்கு டீச்சரின் முகம்தான் வந்தது. அவர் அன்றைக்கே செய்து முடித்ததை ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி எழுதித்தர வேண்டியிருந்திருக்கிறது, அதுவும் ரத்தம் சிந்திய பிறகு.

அறிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். என் விமர்சனம் ஒன்றுதான். அது ஆசிரியரை இடமாற்ற வேண்டியவராக, கண்காணிக்க வேண்டியவராகப் பார்க்கிறது. அது நியாயம், அதற்கான காரணங்களை நம் ஆசிரியர்களே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எந்திச்சு நின்ற அனுபவத்தோடு ஆசிரியரானவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கருத்துச் சொல்லும் மனுதாரராக மட்டும் இல்லாமல், முடிவெடுக்கும் நாற்காலியில் அவர்களுக்கு என்ன இடம்? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கும் பரிந்துரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஒட்டியிருக்கிற இழிவு போகும் என்பது சரி. அந்தக் கட்டிடமும் நிலமும் பதவிகளும் யார் கைக்குப் போகும் என்ற பயமும் சரி. எனக்கு இன்னும் தயக்கம் தீரவில்லை. இதைத் தீர்மானிக்கிற இடத்தில் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள்தான் முதலில் உட்கார வேண்டும்.

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலப் பள்ளிக் கல்விக் கொள்கை வெளியானது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு போனது, நல்லது. அடுத்து எந்தக் குழு அமைத்தாலும் அதில் பாதிப் பேர் பணியில் இருக்கிற தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாக இருக்க வேண்டும், நலப் பள்ளி ஆசிரியர்களும் பெண்களும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சங்கங்கள் இப்போதே தீர்மானம் போடலாம். போடமாட்டோம் என்றால் ஏன் என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்க நம் ஆசிரியத் தோழர்கள் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் இதற்குக் கையெழுத்து வாங்க நான் வருகிறேன்.