ஆஸ்ட்ராவா 2018: ஒரு வெண்கலமும் ஒரு விதியும்

கண்டங்களுக்கு இடையே ஒரு தடகளக் கோப்பை இருந்தது, ஞாபகம் இருக்கா? 1977இல் டியூசல்டார்ஃபில் உலகக் கோப்பை என்ற பெயரில் ஆரம்பித்து, 2010இல் கான்டினென்டல் கப் ஆனது. 2018 செப்டம்பரில் செக் நாட்டின் ஆஸ்ட்ராவாவில் நடந்ததோடு சரி. அந்தக் கடைசிப் போட்டியின் வீடியோக்களைத்தான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு அணிகள்: ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஐரோப்பா, ஆசியா-பசிபிக். ஒவ்வொரு பிரிவிலும் அணிக்கு இரண்டு பேர். இதுவரை நல்ல ஏற்பாடு. தாண்டுதல், எறிதலில் புகுத்திய விதிதான் எனக்கு உறுத்துது. மூன்று சுற்று முடிந்ததும் அணிக்கு ஒருவர்தான் அரையிறுதிக்குப் போகலாம். அங்கே ஒரே முயற்சி. அதில் முந்திய இருவர் மோதும் இறுதியிலும் ஒரே முயற்சி. முன்னால் எவ்வளவு தூரம் தாண்டியிருந்தாலும் அங்கே செல்லாது. எங்க பெரணமல்லூர்ல முழுப் புடவையையும் நெய்து கொடுத்தவரிடம் முந்தானையை மட்டும் பார்த்துக் கூலி பேசினால் சும்மா விடுவாங்களா? டிவிக்கு விறுவிறுப்பு வேண்டும் என்பது புரியுது. ஆனால் ஆறு முயற்சியில் சிறந்ததைக் கணக்கெடுப்பது அந்த விளையாட்டின் அடிப்படை.

இந்தியர்களுக்கு என்ன நடந்தது? ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 16.77 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய அர்பிந்தர் சிங், சில நாட்களிலேயே ஆஸ்ட்ராவாவில் 16.59 தாண்டி அரையிறுதிக்குப் போனார். அங்கே கிடைத்த ஒரே வாய்ப்பில் 16.33. அதோடு முடிந்தது, வெண்கலம். இந்தக் கோப்பையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அதே ஜகார்த்தாவில் 88.06 மீட்டர் எறிந்த நீரஜ் சோப்ரா இங்கே 80.24, ஆறாம் இடம். அவருடைய அணியிலேயே தைவானின் செங் சாவோ-சுன் முன்னால் இருந்ததால் மூன்று எறிதலோடு அவர் கதை முடிந்தது. அன்று அவரிடம் களைப்பு தெரிந்தது, உண்மைதான். இன்னும் மூன்று எறிதல் கிடைத்திருந்தால் என்ற கேள்வி மட்டும் போகமாட்டேங்குது.

(கேப்டன்கள் 'ஜோக்கர்' இறக்கினால், அவர் ஜெயித்தால் இரட்டைப் புள்ளி. சீட்டுக்கட்டையும் விடவில்லை!)

இவ்வளவு குறை சொன்னாலும் கோப்பையையே மூடியது சரியில்லை என்பேன். விதியை மாற்றியிருக்கலாம். கண்டத்துக்கு இரண்டு இடம் என்று ஒதுக்கியதால்தான் டயமண்ட் லீக் அழைப்பு எளிதில் கிடைக்காத ஆசிய வீரர் ஒருவர், ஒலிம்பிக் சாம்பியன் கிறிஸ்டியன் டெய்லரோடு ஒரே ஓடுபாதையில் நிற்க முடிந்தது. 2023இல் திருவாரூர் மாவட்டத்துப் பையன் பிரவீன் சித்திரவேல் ஹவானாவில் 17.37 தாண்டித் தேசிய சாதனை வைத்தார். அர்பிந்தரின் வெண்கலத் தூரத்தைவிட 78 சென்டிமீட்டர் அதிகம். அவர் அந்த உயரத்துக்கு வந்தபோது இந்தக் கோப்பை இல்லை.