துண்டாடலும் நிலவிலையும்

மலாயாவில் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் எழுதிய அறிக்கை, இந்நாட்டுப் பொருளியல் ஆய்வுகளுள் தனிச்சிறப்புடையது. பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்ததை அது எடுத்துக்காட்டிற்று. துன் சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் அத்துயருக்கு எழுந்த மறுமொழியே.

ஆயினும், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தை மனத்திற்கொண்டு அவ்வறிக்கையை இன்று படிப்போர்க்கு ஒரு குறை புலனாகும். அது கண்ட நிலம் பயிர்நிலம். கைமாறிய பின்னும் பால்மரம் நின்ற நிலம். நகரின் ஓரத்து நிலமோ அத்தகையதன்று. கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடைப்பட்ட இவ்வூர், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எழுந்த தடையற்ற வணிக வட்டாரங்களுள் ஒன்றைப் பெற்றது. இத்தகைய இடத்தில் நிலவிலையை உறுதிசெய்வது செம்பனைக் குலையின் எடையன்று. நாளை ஆலை வரும் என்னும் எதிர்பார்ப்பே.

சட்டம் இதனைத் தடுத்ததா? 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் பின்னர்ச் சேர்ந்த பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் இசைவு வேண்டும். அது கைமாற்றத்தைக் காக்கும், விலையைக் காவாது. விவசாய நிலத்தைத் தொழில் நிலமாக்கும் உரிமை மாநில அரசிடம் உள்ளது. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. முறைப்படி ஆலை அமைப்போர் உயர்ந்த விலையையும் கட்டணத்தையும் சேர்த்தே சுமக்கின்றனர். சிறு முதலுடையோர்க்கு அஃது இயலாது. அவர்களுட் சிலர், இசைவில்லாமலேயே விவசாய நிலத்தில் பட்டறை அமைத்துவிடுகின்றனர்.

இதன் விளைவை அண்டையிலுள்ள ஜெஞ்சாரோம் காட்டிற்று. 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடுத்தபின், கோலலங்காட் மாவட்டத்தில் உரிமமற்ற மறுசுழற்சி ஆலைகள் பெருகின. கழிவை எரித்த புகையால் ஊரார் வருந்தினர், முறையிட்டனர், பல ஆலைகள் மூடப்பட்டன. குற்றம் ஆலையாளருடையதே. ஆயினும், மண் ஒன்றாயிருக்க, ஒரு தாளின் இசைவு மட்டும் அதன் விலையைப் பன்மடங்காக்கும்போது, நேர்வழி செலவு மிக்கதாகிறது என்பதையும் மறுக்கவொண்ணாது.

ஊர் வளர்வதால் ஏறும் நிலமதிப்பு உடையவரின் உழைப்பால் வந்ததன்று என்று அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுதினார். சாலையும் துறைமுகமும் பொதுப்பணத்தால் அமைந்தவை. காட்டைத் தோட்டமாக்கியவர் தொழிலாளர். ஆனால் அவர்தம் வீடும், தோட்ட நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் விற்பனைக் கணக்கில் இடம்பெறுவது அரிது.

ஆகவே, தொழிலுக்குரிய நிலம் எது என்பதை முன்கூட்டியே அறிவித்தலும், மாற்றத்தால் விளையும் மிகைமதிப்பின் ஒரு பகுதியைச் சிறுதொழில் மனைகளுக்கும், தொழிலாளர் வீட்டிற்கும், பள்ளி நிலத்திற்கும் ஒதுக்குதலும் வேண்டும். துண்டாடலின் தீமையை உங்கு அஜிஸ் அளந்து காட்டினார். காத்திருக்கும் நிலத்தின் தீமையை அவ்வாறே அளந்து காட்டும் ஆய்வு இன்றைய தேவை.