சாய்நாத்தின் பலம் எங்கே இருக்கிறது?

பத்திரிகையாளர் பி. சாய்நாத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய கருணையையும் கோபத்தையும்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது குறைவான பாராட்டாகவே படுகிறது. அரசுத் திட்டம் ஒன்று ஊருக்குள் நுழைந்து என்னவெல்லாம் செய்துவிட்டுப் போனது என்பதைக் கடைசிவரை விடாமல் தொடர்வதுதான் அவருடைய பலம்.

1993இல் ஒரு நாளிதழின் நல்கையைப் பெற்று, நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்குப் போனார். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் உண்டு. அந்தப் பயணத்தில் விளைந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' நூல் 1996இல் வெளிவந்தது. ஒடிசாவின் நுவாபாடா பற்றி அதில் ஒரு கட்டுரை. ஏழைகள் பிழைக்கட்டும் என்று அரசு பசு கொடுத்தது. தீவனத்துக்குச் சூபாபுல் மரம் நடச் சொல்லி நிலமும் கூலியும் கொடுத்தது. பசுக்களுக்கு ஜெர்சி விந்தைக் கொண்டு சினை ஊசி போட்டார்கள். நாட்டுக் காளை சேர்ந்துவிடக் கூடாதென்று வட்டாரத்துக் காளைகளுக்கெல்லாம் காயடித்தார்கள். 2 ஆண்டு கழித்துப் பார்த்தால் 8 கன்றுகள். பாலும் கூடவில்லை, உள்ளூர் மாட்டினமும் போயிற்று. லஞ்சம் வாங்கிய ஒருவரைக் கைகாட்டிவிட்டு முடிக்கக்கூடிய கதையல்ல இது. ஊரைக் கேட்காமல் போட்ட திட்டமே இங்கே குற்றவாளி. இதைப் படித்தவர் எந்த நலத்திட்ட அறிவிப்பையும் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார்.

2004 முதல் 2014 வரை 'தி இந்து'வில் ஊரகப் பிரிவு ஆசிரியராக இருந்தபோது விவசாயிகள் தற்கொலையை நாடறியச் செய்தார். பட்டா தங்கள் பெயரில் இல்லாததால் பெண்களின் சாவு விவசாயி கணக்கிலேயே ஏறுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். ஆனால், ஆண்டுகள் போகப் போக மொத்த எண்ணிக்கை முன்னால் வந்து, மனிதர்கள் பின்னால் போனார்கள். யாரையெல்லாம் விவசாயி என்று எண்ணுகிறோமோ அதற்கேற்பத் தற்கொலை விகிதமும் மாறும். சென்னைப் பொருளியலாளர் கே. நாகராஜின் ஆய்வை அவர் துணைக்கு அழைத்தார், சரி. மாற்றுக் கணக்குப் போட்டவர்களுக்கு அவர் தந்த இடம் போதாது. மேடையில் அவர் சொன்ன எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம்.

2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது மீண்டும் பழைய சாய்நாத்தைப் பார்க்கிறோம். போட்டிப் பத்திரிகைகளை அருகருகே வைத்து, ஒரே புகழ்ச்சிக் கட்டுரை வரி பிசகாமல் எல்லாவற்றிலும் வந்திருப்பதைக் காட்டினார். காசுக்குச் செய்தி என்ற நோயை மறுக்க முடியாமல் போனது.

2022இல் வந்த 'தி லாஸ்ட் ஹீரோஸ்' நூல் விடுதலைப் போராட்டத்தின் எளிய வீரர்களைப் பற்றியது. தமிழகத்துப் பொதுவுடைமைத் தலைவர்கள் சங்கரய்யாவும் நல்லகண்ணுவும் அதில் இருக்கிறார்கள். மறக்கப்பட்டவர்களைப் பதிவு செய்தது பெரிய காரியம். ஆனால், அதிகாரிகளிடம் விடாமல் கேள்வி கேட்டவர் இங்கே பக்தராகிவிடுகிறார். மரியாதை குறையாமலே எதிர்க்கேள்வி கேட்டிருக்கலாம்.

2014இல் அவர் தொடங்கிய 'பாரி' என்ற ஊரகச் செய்தி இணைய இதழ் தமிழிலும் வருகிறது. பத்திரிகைத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அவருடைய மேடைப் பேச்சோடு நின்றுவிட வேண்டாம். நுவாபாடா கட்டுரையைத் தேடிப் படியுங்கள். உங்கள் மாவட்டத்தில் பத்தாண்டுக்கு முன் விழா எடுத்துத் தொடங்கிய ஒரு திட்டம் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.